செவியும் கிவியும் எங்கட உதுவும்

ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் வீட்டுத் தோட்டம்' என்று ஒரு கட்டுரை. அப்பா கத்தரிக்கன்றைக் காட்டி "உதைப் பிடுங்கிப்போடாதை" என்று சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். கொப்பி திரும்பி வந்தபோது 'உதை' சிவப்பு மையால் வெட்டப்பட்டு, மேலே 'அதை' என்று இருந்தது. ஏன் என்று கேட்கப் போனேன். "உதெல்லாம் பேச்சுத் தமிழ் பிள்ளை, எழுதக் கூடாது" என்றார் ரீச்சர். வெட்டின சொல்லை வைத்துத்தான் அவர் விளக்கமே சொன்னார் என்பது எனக்குப் பல வருசம் கழிச்சுத்தான் உறைத்தது.

பிறகு சென்னையில் கொஞ்சக்காலம் படித்தபோது அறைத்தோழன் ஒருவன் என்ர குறிப்பேட்டில் 'கிரிக்கெற்' என்று இருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அது 'கிரிக்கெட்'. 'ரீச்சர்', 'ரீவி' எல்லாம் பார்த்தால் இன்னும் சிரிப்பு. அதே வருசம் ஊரிலை ஒரு கலியாண வீடு. மாமா ஒருவர் கதிரையிலை சாய்ஞ்சு, கையிலை தேத்தண்ணிக் கோப்பையோடை, "உலகத்திலையே சுத்தமான தமிழ் எங்கட யாழ்ப்பாணத் தமிழ்தான்" எண்டு ஒரு மணித்தியாலம் பேசினார். ஒரு பக்கம் பிழை, ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் சுத்தம். மூன்று பேரும் ஒரே தமிழைப் பற்றித்தான் சொன்னார்கள்.

மொழியியல் படிக்கிறவர்கள் இந்த மூன்று கேள்வியையும் கேட்பதில்லை. அவர்கள் கேட்கிறது வேறை: இந்தச் சொல் எந்த வழியால் இப்படி வந்தது? முன்னால் எப்படி இருந்திருக்கும்? எழுத்தே இல்லாத காலத்தில் ஒரு சத்தம் எப்படி ஒலித்தது என்று இன்றைக்கு இருந்துகொண்டு எப்படிச் சொல்ல ஏலும்? முதல்முறை கேட்கும்போது எனக்கு இது சாத்திரம் சொல்லுற மாதிரித்தான் இருந்தது. ஒரு சொல்லை வைத்துக் காட்டினபோதுதான் நம்பினேன். அந்தச் சொல் 'செவி'.

தமிழில் செவி. கன்னடத்தில் கிவி. பழத்தின் பெயர் இல்லை, காதுதான். தற்செயலாக ஒத்துப்போகுது என்று விட்டுவிடலாம். ஆனால் தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி. தமிழில் சிறு, கன்னடத்தில் கிறு போல ஒலிக்கும் கிரு. தமிழில் செம்மை, செந்நிறம் என்று வருகிற இடத்தில் கன்னடத்தில் கெம்பு. தமிழில் செய், பழைய கன்னடத்தில் கெய். ஒரு சொல் என்றால் தற்செயல். வரிசையாக வந்தால் அது தற்செயல் இல்லை. தமிழில் 'சி', 'செ', 'சே' என்று தொடங்கும் இடத்தில் கன்னடம் 'கி', 'கெ', 'கே' என்று தொடங்குகிறது. பொருள் அதே பொருள்.

சரி, இரண்டுக்கும் ஒரே மூலம் என்று வைப்போம். எது பழசு? க-வா, ச-வா? எங்கட மனசு உடனே 'தமிழ்தான் பழசு, அதாலை ச-தான் பழசு' என்று சொல்லும். ஒருக்கா வாயால் சோதித்துப் பாருங்கோ. 'கு' என்று சொல்லுங்கோ, பிறகு 'கி' என்று சொல்லுங்கோ. 'கு' சொல்லும்போது நாக்கின் பின்பகுதி தொண்டைப் பக்கம் முட்டுகிறது. 'கி' சொல்லும்போது முட்டும் இடம் முன்னால் நகர்ந்துவிடும், ஏனெண்டால் நாக்கு அடுத்து வருகிற 'இ'க்கு முதலே ஆயத்தமாகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படி முன்னால் நகர்ந்துகொண்டு போனால் கடைசியில் போய் நிற்கிற இடம் 'ச்'. உலகத்தில் கன மொழிகளில் இந்தப் பயணம் நடந்திருக்கு. பழைய லத்தீனில் நூறு 'கெந்தும்', இன்றைய இத்தாலியனில் 'சென்தோ', அந்தச் ச-வை அழுத்திச் சொல்ல வேணும். ஜேர்மனியில் இருக்கிற எங்கட சொந்தக்காரப் பிள்ளைகளுக்குத் தெரியும்: ஆங்கிலத்தில் 'சீஸ்', ஜேர்மனில் 'கேஸ'; ஆங்கிலத்தில் நாடி 'சின்', ஜேர்மனில் 'கின்'. எதிர்ப்பக்கமாக, ச் பின்னால் போய் க் ஆகிற பயணம் மிக அரிது. ஆகவே இந்த விசயத்தில் கன்னடம்தான் பழசைக் காப்பாற்றி வைத்திருக்கு. மாறினது தமிழ்.

மாமாவுக்கு இதை இன்னும் நான் சொல்லவில்லை.

இப்ப ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கை தூக்கும்: அப்படியெண்டால் 'கெடு' ஏன் 'செடு' ஆகவில்லை? 'கிளி' ஏன் 'சிளி' ஆகவில்லை? கேள், கீழ், கிழவன், கிணறு, கிடை, கிளை, கிழங்கு எல்லாம் க-வோடையே நிற்குதே?

நல்ல கேள்வி. இந்தக் கேள்விதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழியியலைத் தூக்கி நிறுத்தினது. 1870களில் லைப்சிக் பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த இளம் அறிஞர் கூட்டம் ஒன்று, ஒலி மாற்றம் விதிவிலக்கில்லாமல் நடக்கும் என்று அடித்துச் சொன்னது. விலக்கு மாதிரித் தெரிந்தால், நாங்கள் இன்னும் காணாத ஒரு விதி அதுக்குள்ளை இருக்கு என்று அர்த்தம். அதே காலத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர், ஜேர்மானிய மொழிகளின் ஒலிமாற்றத்தில் பல ஆண்டுகளாக விலக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த சொற்களை எடுத்து, பழைய அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் அடக்கிக் காட்டினார். அதுக்குப் பிறகு விலக்குகளைக் கண்டால் மொழியியலாளர் பயப்படுவதில்லை, சந்தோசப்படுகிறார்கள்.

எங்கட 'கெடு', 'கிளி' புதிருக்கு தோமஸ் பரோ என்ற ஆங்கிலேய அறிஞர் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருக்கு. விலகி நிற்கும் சொற்களைத் திரும்பப் பாருங்கோ. கெடு, கிடை: அடுத்து ட. கிணறு: ண. கிளி, கிளை, கேள்: ள. கீழ், கிழவன், கிழங்கு: ழ. எல்லாம் நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்துகள். இனி மாறின பக்கம்: செவி, செய், சேரி, சிறு. வ, ய, ர, ற. ஒன்றிலும் நாக்கு மடியவில்லை. அதாவது க-வுக்குப் பின் இ, எ வந்தால் அது ச ஆகும். ஆனால் அடுத்து நாக்கு மடிகிற மெய் வந்தால் ஆகாது. நாக்கு முன்னுக்கு ஓட வெளிக்கிட, அடுத்த எழுத்து அதைப் பின்னுக்குப் பிடித்து இழுத்திருக்கு.

இந்த இழுவை இன்றைக்கும் எங்கட காதுக்கு முன்னாலேயே நடக்குது. சென்னைப் படங்களில் பெட்டி 'பொட்டி' ஆகிறது, பெண் 'பொண்ணு' ஆகிறது, வீடு 'வூடு' ஆகிறது. மட்டக்களப்பில் பிள்ளை 'புள்ள'. எல்லாத்திலும் இ, எ என்ற முன்னுயிர் பின்னுக்குப் போய் உ, ஒ ஆகியிருக்கு. எல்லாத்திலும் அடுத்து ட, ண, ள. (முன்னால் ப, வ போன்ற உதட்டெழுத்தும் வேணும்.) இரண்டாயிரம் வருசத்துக்கு முதல் 'கெடு'வைக் காப்பாற்றின அதே நாக்கு மடிப்புத்தான் இன்றைக்கு 'பொட்டி'யைச் செய்யுது. புத்தகத்தில் வாசித்ததை விட, ஒரு நாள் பேருந்தில் யாரோ 'பொட்டியை மேலை வையுங்கோ' என்று சொல்லக் கேட்டபோதுதான் எனக்கு இது முழுசா விளங்கினது.

தெலுங்கு இந்தக் கதையில் இன்னொரு சாட்சி. அங்கேயும் க ச ஆனது. ஆனால் அங்கே மடிப்பு தடுக்கவில்லை: தமிழ் கெடு, தெலுங்கு 'செடு'. ஆக தெலுங்கில் நடந்தது வேறொரு மாற்றம், தனியாக நடந்தது. மலையாளமோ தமிழோடு அச்சொட்டாக நிற்கிறது: செவியில் ச, கெடுவில் க. மாற்றமும் ஒன்று, தடையும் ஒன்று. ஆகவே தமிழும் மலையாளமும் பிரிய முதல், ஒரே வீட்டில் இருந்த காலத்தில் இது நடந்து முடிந்திருக்க வேணும். கல்வெட்டும் ஏடும் இல்லாமலேயே ஒரு முன்பின் வரிசை கிடைத்துவிட்டது, பார்த்தீங்களோ?

பின்னெல்லையையும் பிடிக்கலாம். வடமொழியில் இருந்து வந்த கீதம், கீர்த்தி, கேசம் எல்லாம் க-வோடையே இருக்கு. கீதத்தை ஒருத்தரும் 'சீதம்' என்று பாடவில்லை. இந்தச் சொற்கள் வந்து சேர்ந்தபோது அந்த மாற்றம் ஓய்ந்துபோயிருந்தது என்று அர்த்தம். முன்னெல்லைக்கு ஒரு சுவையான துப்பு அசோகனின் கல்வெட்டில். பொ.மு. மூன்றாம் நூற்றாண்டு. இரண்டாம் பாறைக் கட்டளையில் தன் எல்லைக்கு அப்பால் இருக்கும் நாடுகளை அவன் வரிசைப்படுத்துகிறான்: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தம்பபண்ணி வரை. தம்பபண்ணி என்றால் எங்கட தீவு. (இடத்துக்கு இடம் எழுத்தில் சின்ன வித்தியாசம் இருக்கு, அதை விடுவோம்.) அங்கே கே-யில் தொடங்குகிற பெயர், சங்கப் பாட்டுகளில் 'சேரல்', 'சேரலர்'. அடுத்து வருகிறது ர, நாக்கு மடியாது. விதிப்படி ச ஆக வேண்டிய சொல், ஆகித்தான் இருக்கு. வடக்கே போன பெயர் க-வோடை போயிருக்கு, வீட்டில் இருந்த பெயர் ச ஆகியிருக்கு என்று அறிஞர்கள் இதை வாசிக்கிறார்கள். வெளியூரார் வாயில் பழைய பெயர் உறைந்து கிடக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேணும், பொ.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய, கிரேக்க எழுத்தாளர்களும் சேர மன்னனைக் க-வில் தொடங்கித்தான் எழுதினார்கள். ஆகையால் வருசம் குறித்துச் சொல்ல ஏலாது. வரிசையைச் சொல்லலாம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேணும்: 'கீரை' இந்த விதிக்குள் வராது. அடுத்து ர-தான் நிற்குது, 'சீரை' என்றல்லவா ஆகியிருக்க வேணும்? இப்படி மிஞ்சுகிற சொற்கள் எப்பவும் கொஞ்சம் இருக்கும். அவற்றை மறைக்காமல் மேசையில் வைக்கிறதுதான் இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாடப்புத்தகம் ஒரு பெயரைத்தான் சொல்லும்: 1786இல் கல்கத்தாவில் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் இன்றைக்கு ஒருவேளை இல்லாமற்போன ஒரு மூலத்தில் இருந்து வந்தவை என்று பேசிய வில்லியம் ஜோன்ஸ். எங்கட பக்கத்துக் கதை சென்னையில் இருக்கு. கோம்பனி உத்தியோகத்துக்கு வரும் வெள்ளைக்காரப் பெடியளுக்குத் தென்னிந்திய மொழி படிப்பிக்க 1812இல் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கினது. அதன் பின்னால் நின்றவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தெலுங்கு சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தது என்பது அன்றைய பொதுநம்பிக்கை. எல்லிஸ், கல்லூரியில் இருந்த பட்டாபிராம சாஸ்திரி போன்ற பண்டிதர்களின் வேர்ச்சொற் பட்டியல்களை வைத்து, தெலுங்கு, தமிழ், கன்னட வேர்களை அருகருகே அடுக்கி, இவை ஒரு குடும்பம், சமஸ்கிருதத்துக்குப் பிறந்தவை அல்ல என்று 1816இல் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல், நாற்பது வருசம் கழித்து. எல்லிஸ் 1819இலேயே இராமநாதபுரத்தில் இறந்துபோனார். பெயர் கால்டுவெல்லுக்குப் போனது. கால்டுவெல் செய்தது பெரிய வேலைதான், மறுப்பில்லை. ஆனால் சாஸ்திரிமாரின் பெயர் எங்கட பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

ஈழத்திலும் ஒருவர் இந்த வழியில் இறங்கினார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், 1875 முதல் 1947 வரை வாழ்ந்தவர், தமிழுக்கு ஒரு சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி தொகுத்தார். முதற்பகுதி 1938இல் வெளிவந்தது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளோடும் தமிழ்ச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார். தனி மனிதராக அவர் செய்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கு. ஆனால் அந்த ஒப்பீட்டுப் பகுதியை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. காரணம் ஒத்த தோற்றம் வேறு, ஒழுங்கான தொடர்பு வேறு. சமூக வலைத்தளத்தில் மாதத்துக்கு ஒருக்கா வரும் ஒரு பதிவை எடுப்போம்: "தமிழ் எட்டு, ஆங்கிலம் எயிட். பார்த்தீர்களா!" பார்ப்போம். ஆங்கிலச் சொல்லைப் பின்னால் கொண்டு போனால், இன்றைக்கு எழுத்தில் மட்டும் இருக்கிற அந்த ஊமை எழுத்துகள் ஒரு காலத்தில் தொண்டையில் ஒலித்தவை, ஜேர்மனில் இன்னும் 'அஹ்ற்' போல ஒலிக்குது, லத்தீனில் 'ஒக்தோ'. தமிழ்ச் சொல்லைப் பின்னால் கொண்டு போனால், எண்பது, எண்ணூறு என்பதில் இருக்கும் 'எண்' வருகிறது. ஒரு பக்கம் ஒக்தோ, மறுபக்கம் எண். உண்மையான சொந்தக்காரச் சொற்கள் பின்னால் போகப் போக நெருங்கும். இவை பின்னால் போகப் போக விலகுது. இன்றைக்குச் சந்தியில் சந்தித்த இரண்டு அந்நியர், அவ்வளவுதான்.

எதிர்மாறானதும் நடக்கும்: கண்ணுக்கு ஒத்துப்போகாததுகள் சொந்தமாக இருக்கும். பால், கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. போ, ஹோகு. ப வந்த இடமெல்லாம் ஹ. இதில் ஒப்பிட்டு ஊகித்ததைக் கல்லே உறுதிப்படுத்துகிறது, ஏனெண்டால் பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இந்த இடத்தில் ப-தான் இருக்கு. ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டில் இருந்துதான் ஹ மெல்ல மெல்ல இடம் பிடிக்குது. பழைய கன்னடத்தைக் குறிக்கும் 'ஹளெகன்னட' என்ற பெயரிலேயே 'பழ' என்பது 'ஹளெ' ஆகிக் கிடக்கு. ஆக, க விசயத்தில் பழசைக் காத்த கன்னடம், ப விசயத்தில் மாறிவிட்டது. தமிழ் மற்றப்பக்கம். எந்த மொழியும் எல்லாத்தையும் காப்பாற்றுவதில்லை, எந்த மொழியும் எல்லாத்தையும் தொலைப்பதும் இல்லை.

இனி என்ர 'கிரிக்கெற்'றுக்கு வாறன்.

காற்று, நாற்று, வற்றல் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் ஈறுக்குப் பின்னால் முட்டும். 'காத்து'வில் முட்டுகிற பல்லும் இல்லை, 'காட்டு'வில் முட்டுகிற மேலண்ணமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது இடம். தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் அது 'காத்து' ஆகிவிட்டது. மூலத் திராவிடத்தில் இந்த மூன்று இடமும் தனித்தனியாக இருந்தன என்று மொழியியலாளர் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஆங்கிலக்காரன் 'ரீ' சொல்வதும் அந்த மூன்றாவது இடத்தில்தான். எங்கட காதுக்கு அந்த இடம் தெரியும், அதாலை ற் போட்டோம். சென்னைக்காரர் காதுக்கு இருப்பது இரண்டு இடம், கிட்டினதாக ட-வை எடுத்தார்கள். சொல்லின் முதலில் ற வராது என்பதால் ரீச்சர், ரீவி, ரயர் என்று ர-வை எழுதிப்போட்டு, றேடியோவுக்கும் றப்பருக்கும் ற-வைக் கொடுத்தோம். பார்க்கத் தலைகீழாகத்தான் இருக்கு, ஒப்புக்கொள்ளுறன். ஆனால் ஒழுங்கான தலைகீழ். மலையாளத்திலும் கிரிக்கெற்றைக் காற்றின் 'ற்ற' போட்டுத்தான் எழுதுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான கதை எழும்பும்: "பார், மலையாளமும் நாங்களும் ஒரே மாதிரி ற்ற சொல்லுறம், நாங்கள் அங்கயிருந்து வந்தனாங்கள்." மொழியியல் இதை ஒத்துக்கொள்ளாது. இரண்டு பேரும் பழசை ஒன்றாக வைத்திருப்பது கிட்டிய உறவுக்குச் சாட்சி இல்லை. தாத்தாவின் மூக்கு இரண்டு தூரத்துப் பேரப்பிள்ளைகளுக்கும் வரலாம். புதிதாகச் செய்த ஒரு மாற்றத்தை, அதே தடையோடு, இரண்டு பேரும் சேர்ந்து செய்திருந்தால் அது சாட்சி. செவியும் கெடுவும் தமிழையும் மலையாளத்தையும் ஒரு வீட்டில் வைத்தது அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு வேறு ஆதாரங்கள் இருக்கலாம், ற்ற அந்த வழக்கில் சாட்சி சொல்ல வராது.

உது? தொல்காப்பியம் சுட்டெழுத்து என்று மூன்றைச் சொல்லுது: அ, இ, உ. மூலத் திராவிடத்துக்கும் மூன்றையும் மீட்டெடுத்திருக்கிறார்கள். இந்தியத் தமிழ்ப் பேச்சில் உ போய்விட்டது. இங்கை உது, உவன், உங்கை, உப்பிடி எல்லாம் உயிரோடை. எனக்குக் கிட்ட இருந்தால் இது, இரண்டு பேருக்கும் தூரமென்றால் அது, உங்களுக்குக் கிட்ட இருந்தால் உது. சிவப்பு மை வெட்டினது தமிழின் மிகப் பழைய சொற்களில் ஒன்றை.

அப்ப மாமா சொன்னது சரிதானே என்று கேட்பீங்கள். அதே வாயால் நாங்கள் 'வாறன்' என்கிறோம். அது 'வருகிறேன்' தேய்ந்தது. அந்த வருகிறேனே புதுசு. சங்கப் பாட்டுகளின் வினை பெரும்பாலும் இறந்தகாலம், இறவாக்காலம் என்ற இரண்டு பிரிவில் ஓடுகிறது, 'கிறு' என்று நிகழ்காலத்தைத் தனியாகக் காட்டுவது பிறகு பரவினது. 'கள்' என்ற பன்மையைத் தொல்காப்பியம் அஃறிணைக்கே வைத்தது. இன்றைக்கு ஆசிரியர்கள், மாணவர்கள் என்று எழுதாமல் ஒரு வாழ்த்துச் செய்தி கூட வராது. எழுத்தில் அஃறிணையான 'அவை' எங்கட பேச்சில் மனிசர்: அவை நேற்று வந்தவை. மாமா சாய்ந்திருந்த கதிரை போர்த்துக்கேயம். கையிலிருந்த கோப்பை போர்த்துக்கேயம். மேசை, அலுமாரி, வாங்கு, பாண், சப்பாத்து, துவாய், குசினி எல்லாம் அந்தக் கப்பலில் வந்ததுகள். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் கையில் விழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்து கந்தோரையும் கக்கூசையும் போஞ்சியையும் தந்தார்கள். அவர்களை ஒல்லாந்தர் என்று கூப்பிடுவதே போர்த்துக்கேயர் சொல்லித் தந்தபடிதான்.

ஆக உதுவும் கதிரையும் ஒரே வசனத்தில் வரும்: "உந்தக் கதிரையை இஞ்சாலை எடு." இரண்டாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட ஒரு சொல், நானூறு வருசச் சொல் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். இதில் எதைச் சுத்தம் என்று சொல்லுறது, எதைப் பிழை என்று வெட்டுறது?

பழசைப் பற்றியே கதைத்தால் மொழி மாறுவது முடிந்துபோன கதை மாதிரி இருக்கும். மாற்றத்தை அது நடக்கும்போதே பிடிக்கலாம் என்று காட்டினவர் அமெரிக்கரான வில்லியம் லபோவ். மசாசூசெற்ஸ் கரைக்கு அப்பால் மார்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு. மீன்பிடித்தொழில் படுத்து, கோடையில் பணக்காரச் சுற்றுலாக்காரர் வந்து காணி வாங்கிக்கொண்டிருந்த காலம். லபோவ் அங்கே 69 பேரைப் பேச வைத்துப் பதிவுசெய்து, சில ஈருயிர் ஒலிகளை ஒவ்வொருவரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று அளந்தார். 1963இல் வெளியிட்டார். பழைய தீவு உச்சரிப்பு வயது குறையக் குறைய அழியும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 31 முதல் 45 வயதுக்காரரிடம்தான் அது மிக அதிகமாக இருந்தது. அதுவும் தீவிலேயே இருந்து பிழைப்பது என்று முடிவெடுத்தவர்களிடம். வெளியில் போக நினைத்தவர்களிடம் குறைவு. யாரும் அவர்களிடம் இப்படிப் பேசுங்கோ என்று சொல்லவில்லை. தாங்கள் செய்வது அவர்களுக்கே தெரியாது.

இதை வாசித்தபிறகு நான் வீட்டில் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். அம்மம்மா ஒரு வசனத்துக்கு ஒரு உது சொல்லுவா. அம்மா வீட்டில் சொல்லுவா, கந்தோரில் குறைவு. கொழும்பில் வேலை செய்யிற தங்கச்சி, தொலைக்காட்சித் தொடர்களோடையும் இந்தியப் படங்களோடையும் வளர்ந்தவள், இதுவும் அதுவுமாகவே கதைக்கிறாள். ஊருக்கு வந்து மூன்றாம் நாள் உது தன்ரபாட்டிலை திரும்பி வரும். நாலு பேரை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல ஏலாது, தெரியும். உங்கட வீட்டிலும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.

போன மாதம் ரொறன்ரோவில் இருந்து அண்ணாவின் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். ஆறு வயது. அம்மம்மா முற்றத்தில் இருந்து முருக்கங்காய் உரித்துக்கொண்டிருந்தா. பிள்ளை திரையில் விரலை வைத்து, "அம்மம்மா, உது என்ன?" என்றாள். நடுவில் ஒரு சமுத்திரம். சாமான் இருக்கிறது அம்மம்மாவின் கைக்குள். இலக்கணப்படி சரியான சொல்.

"உதோ? முருங்கைக்காய் குஞ்சு" என்றா அம்மம்மா. பிறகு யோசித்துவிட்டு, போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினா. "இது."